தடித்த வயர் போட்டாச்சு, இனி ஃப்யூஸ் எதற்கு?

கேள்வி இதுதான். 12 வருடப் பழைய டீசல் கார். எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தந்து பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரை 65 ஆம்பியரிலிருந்து 110 ஆம்பியருக்கு மாற்றியிருக்கிறீர்கள். ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரிக்கு 25 சதுர மி.மீ. வயர் ஒன்று புதிதாக ஓடுகிறது. எஞ்சினையும் பாடியையும் பேட்டரி மைனஸோடு இணைக்கும் எஞ்சின் எர்த், பாடி எர்த் இரண்டும் அதே தடிமனில் புதுசு. டிக்கியில் ஒரு ஆம்ப்ளிஃபயர். ஹெட்லைட்டில் 100/90 வாட் (ஹை பீம் 100, லோ பீம் 90) பல்புகள். ஆல்டர்னேட்டரின் பழைய வயரும் கூடவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டீர்கள். வயர் மாட்டிய கடைக்காரர், “இவ்வளவு மொத்த வயருக்கு ஃப்யூஸ் எதுக்கு சார்?” என்கிறார். நண்பர் எர்த் வயர் உட்பட எல்லாவற்றுக்கும் இரண்டு முனையிலும் ஃப்யூஸ் போடச் சொல்கிறார். யார் சொல்வது சரி?

இருவரும் பாதி சரி. பிளஸ் வயர்களுக்கு ஃப்யூஸ் வேண்டும், அதுவும் பேட்டரியை ஒட்டியே. எர்த் வயர் எதற்கும் கூடாது. செல்ஃப் மோட்டாருக்குப் போகும் வயரைத் தொடவே வேண்டாம். ஆனால் என்னை உறுத்துவது இதெல்லாம் இல்லை. பழைய வயரையும் விட்டுவைத்தேன் என்று போகிற போக்கில் சொன்னீர்களே, அதுதான். அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் கடைக்காரரின் வாதம். ஃப்யூஸ் காப்பாற்றுவது வயரைத்தான். ஆம்ப்ளிஃபயரையோ பல்பையோ காப்பாற்ற அது அங்கே இல்லை. ஆம்ப்ளிஃபயருக்கு அதன் உடம்பிலேயே ஃப்யூஸ் இருக்கிறது. வயர் தடிமனாக இருந்தால் தாங்காதா என்றால், எதைத் தாங்க வேண்டும் என்று முதலில் பார்க்க வேண்டும். நல்ல நிலையில் இருக்கும் கார் பேட்டரியின் உள் மின்தடை 10 மில்லி ஓமுக்குள்தான் இருக்கும். 25 சதுர மி.மீ. செம்பு வயருக்கு மீட்டருக்கு சுமார் 0.78 மில்லி ஓம். ஒன்றரை மீட்டர் வயரின் மறுமுனை பாடியில் பலமாக உரசினால் பேட்டரி ஆயிரம் ஆம்பியருக்கு மேல் தள்ளும். அப்போது அந்த ஒன்றரை மீட்டரில் மட்டும் ஆயிரம் வாட்டுக்கு மேல் வெப்பம், அதாவது ஒரு இஸ்திரிப் பெட்டி. பேட்டரிக்குள்ளே அதைப் போலப் பல மடங்கு. வயரில் செம்பு நிறைய இருப்பதால் அது மெதுவாகத்தான் சூடேறும், உண்மைதான். ஆனால் உரசுகிற இடத்தில் தகடே உருகித் தெறிக்கும், வெல்டிங் பட்டறையில் பார்ப்பது போல. பக்கத்தில் டீசல் ஹோஸோ எண்ணெய்ப் பிசுக்கோ இருந்தால் போதும்.

தடித்த வயர் என்பது பேட்டரியின் கையைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துவிடுவது. பழைய மெல்லிய வயர் தன் மின்தடையாலேயே ஷார்ட் கரண்டைக் கொஞ்சம் அடக்கி வைத்தது. புது வயர் அதைச் செய்யாது. வயரைத் தடிமனாக்கிய பிறகுதான் ஃப்யூஸ் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

சரி, எந்த முனையில்? வயரில் எந்த இடத்தில் ஷார்ட் ஆனாலும் கரண்ட் எங்கிருந்து வரும் என்று கேட்டுப் பாருங்கள், விடை தானாக வந்துவிடும். ஆல்டர்னேட்டர் தன் திறனுக்கு மேல் பெரிதாகக் கொடுக்காது, அதன் அமைப்பே அப்படி. 110 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் குளிர்ந்த நிலையில் கொஞ்சம் கூடுதலாகத் தரலாம், ஆயிரமெல்லாம் தராது. ஆயிரம் தரக்கூடியது பேட்டரி. ஆகவே ஃப்யூஸ் பேட்டரி முனையில். ஆல்டர்னேட்டர் முனையில் போட்டுவிட்டு, நடுவழியில் வயர் உரசினால், பேட்டரிக்கும் உரசல் இடத்துக்கும் நடுவே காவலே இல்லை. இரண்டு முனையிலும் போடுவது இரண்டு பேட்டரி வைத்த வண்டிகளுக்கு அவசியம், ஏனென்றால் அங்கே இரு பக்கமும் ஆயிரம் ஆம்பியர் காத்திருக்கிறது. உங்களுக்கு ஒன்று போதும்.

எவ்வளவு பக்கத்தில்? கார் ஆடியோ போட்டிகளில் 18 அங்குலத்துக்குள் என்பது வழக்கம். அமெரிக்கப் படகுகளுக்கான தரம் பொதுவாக 7 அங்குலம் என்கிறது. பேட்டரிக்கும் ஃப்யூஸுக்கும் இடையே உள்ள துண்டுக்குப் பாதுகாப்பே கிடையாது, ஆகவே ஒரு சாண் நீளத்துக்குள் முடித்துவிடுங்கள். அந்தச் சாண் துண்டுக்கும் நெளிகுழாய் போட்டுக் கட்டிவிடுங்கள்.

இப்போது எத்தனை ஆம்பியர். இங்கேதான் பலரும் தடுமாறுவார்கள். 110 ஆம்பியர் ஆல்டர்னேட்டருக்கு 100 ஆம்பியர் ஃப்யூஸ், அதாவது சிறியது போட்டால் கூடுதல் பாதுகாப்பு என்று ஒரு எண்ணம். நேர்மாறு. ஒரு நாள் பேட்டரி இறங்கி, பக்கத்து வண்டியிலிருந்து ஜம்பர் போட்டு ஸ்டார்ட் செய்கிறீர்கள். அடுத்த அரைமணி நேரம் ஆல்டர்னேட்டர் முழு மூச்சில் ஓடும். ஹெட்லைட், ஏசி, ஆம்ப்ளிஃபயர் எல்லாம் சேர்ந்தால் 110 தாராளமாக வரும். ஓடிக்கொண்டிருக்கும்போது ஃப்யூஸ் போனால் ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரி திடீரென்று கழன்றுவிடுகிறது. அதுவரை பேட்டரி விழுங்கிக்கொண்டிருந்த கரண்ட்டுக்குப் போக இடமில்லை, வோல்டேஜ் எகிறும். 12 வோல்ட் வண்டிகளில் இந்தத் துடிப்பு, அடக்கும் டையோடு இல்லாவிட்டால், 79 முதல் 101 வோல்ட் வரை போகலாம் என்று கணக்கில் கொண்டுதான் பன்னாட்டுச் சோதனைத் தரமே எழுதப்பட்டிருக்கிறது. அடக்கும் டையோடு உள்ள ஆல்டர்னேட்டரில் 35 வோல்ட் வாக்கில் நிற்கும். ரீகண்டிஷன் செய்த ஆல்டர்னேட்டருக்குள் என்ன டையோடு இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஈசிஎம் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்), ஆம்ப்ளிஃபயர், ஸ்டீரியோ மூன்றையும் பணயம் வைக்காதீர்கள்.

ஆகவே ஆல்டர்னேட்டரின் அதிகபட்சத்துக்கு மேல் கால் பங்கு கூட்டுங்கள். 110-க்கு 137 வருகிறது. கடையில் கிடைக்கும் அடுத்த அளவு 150. அந்த 150-ஐ உங்கள் வயர் தாங்குமா என்பதுதான் மறுபக்கம். 105 டிகிரி இன்சுலேஷன் உள்ள நல்ல செம்பு வயர் 25 சதுர மி.மீ. என்றால், எஞ்சின் சூட்டிலும் குறுகிய தூரத்துக்கு அந்த அளவை ஏறக்குறைய தாங்கிவிடும். வீட்டு வயரிங்குக்கு விற்கும் 70 டிகிரி பிவிசி வயர் என்றால் தாங்காது. வெல்டிங் கேபிள் போட்டிருந்தால் ஒரு முனையை வெட்டி உள்ளே பாருங்கள். செம்பிலும் வருகிறது, அலுமினியத்திலும் வருகிறது. ஆம்ப்ளிஃபயர் கிட்டில் வரும் வயர் பெரும்பாலும் செம்பு முலாம் பூசிய அலுமினியம். கத்தியால் ஒரு இழையைச் சுரண்டினால் வெள்ளையாகத் தெரியும். அதன் கடத்துதிறன் செம்பில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு. 25 என்று எழுதியிருந்தாலும் 16 செம்பு என்று கணக்கு வைத்து, ஃப்யூஸையும் அதற்கேற்ப இறக்குங்கள். இறக்கினால் ஆல்டர்னேட்டருக்குப் போதவில்லையா, வயரைத்தான் மாற்ற வேண்டும். ஃப்யூஸைப் பெரிதாக்குவது தீர்வு இல்லை.

இப்போது அந்தப் பழைய வயர். அது சுமார் 10 சதுர மி.மீ. என்றும், ஃப்யூஸ் பெட்டியிலுள்ள 80 ஆம்பியர் மெயின் ஃப்யூஸ் வழியாக ஆல்டர்னேட்டருக்குப் போகிறது என்றும் வைத்துக்கொள்வோம். முன்பு அது நடுவில் எங்காவது ஷார்ட் ஆனால் 80 ஃப்யூஸ் போகும், பேட்டரியின் வேலை அதோடு முடிந்தது. இப்போது பக்கத்திலேயே இன்னொரு தடித்த வயர் ஓடுகிறது. 80 ஃப்யூஸ் போன பிறகும் கரண்ட் புது வயர் வழியாக ஆல்டர்னேட்டர் முனைக்குப் போய், அங்கிருந்து பழைய வயருக்குள் பின்பக்கமாக நுழைந்து ஷார்ட்டுக்கு வந்து சேரும். வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைப்புறத்தைத் திறந்து வைத்தது போல. புது வயருக்கு ஃப்யூஸே இல்லை என்றால் அந்த 10 சதுர மி.மீ. வயர் மொத்தப் பேட்டரியையும் தன் தலையில் சுமக்க வேண்டும். 150 ஃப்யூஸ் இருந்தாலும், பலமான ஷார்ட் என்றால்தான் அது போகும். 130, 140 ஆம்பியர் அளவுக்கு அரைகுறை ஷார்ட் என்றால் 150 சும்மா இருக்கும், பழைய வயர் வெந்துகொண்டிருக்கும். நீங்கள் கம்பெனி போட்ட பாதுகாப்பை அறியாமலே செயலிழக்க வைத்திருக்கிறீர்கள்.

இதற்குத் தீர்வு எளிது. பழைய வயரை இரு முனையிலும் கழற்றி, முனைகளுக்கு ஸ்லீவ் போட்டு, மடக்கிக் கட்டிவிடுங்கள். கழற்றும் முன் ஃப்யூஸ் பெட்டிக்குப் பேட்டரியிலிருந்து தனியாக சப்ளை வருகிறதா என்று டெஸ்ட் லேம்ப் வைத்துப் பாருங்கள். சில வண்டிகளில் ஆல்டர்னேட்டர் முனையிலிருந்துதான் பெட்டிக்கே சப்ளை போகும். அப்படியென்றால் பழைய வயர் இருக்கட்டும், ஆனால் ஆல்டர்னேட்டர் முனையிலும் அதற்கென்று ஒரு 80 ஃப்யூஸ் போடுங்கள். ஆல்டர்னேட்டரின் பின்னால் செருகியிருக்கும் சின்ன பிளக்கை மட்டும் தொடாதீர்கள். சார்ஜ் விளக்கும் வோல்டேஜ் உணரும் வயரும் அதில்தான் இருக்கும்.

எர்த் வயர் விஷயத்தில் நண்பர் தவறு. பிளஸ் ஃப்யூஸ் போனால் அந்தக் கருவி நின்றுவிடும், அவ்வளவுதான். எர்த் போனால் கருவி நிற்காது, கரண்ட் வேறு வழி தேடும். எஞ்சின் எர்த் அறுந்த வண்டியில் செல்ஃப் அடித்தால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் ஆக்ஸிலேட்டர் கேபிள் வழியாகவும் கியர் கேபிள் வழியாகவும் திரும்பப் பார்க்கும். கேபிள் உறை உருகி ஒட்டிக்கொண்ட வண்டியை நானே பார்த்திருக்கிறேன். அந்த மெக்கானிக் கேபிள் கம்பெனியைத் திட்டிக்கொண்டிருந்தார்! ஆம்ப்ளிஃபயரின் எர்த் போனால் ஸ்டீரியோவிலிருந்து வரும் சிக்னல் வயரின் மேல்வலை எர்த்தாக மாறும், ஸ்டீரியோவும் சேர்ந்து போகும். எர்த்துக்கு வேண்டியது மூன்றே மூன்று. பிளஸ் வயருக்குச் சமமான தடிமன், பெயின்ட் சுரண்டிய தகடு, இறுக்கமான போல்ட். புது வண்டிகளில் பேட்டரி மைனஸில் ஒரு சின்ன சென்சார் இருக்கும். அங்கே கூடுதல் எர்த்தைப் பேட்டரி முனையில் நேராகக் கொடுக்காமல் பாடியில் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த சென்சார் கணக்கைத் தப்பாகப் போடும். உங்கள் வண்டியில் அது இருக்காது.

செல்ஃப் மோட்டார் வயருக்கு மட்டும் ஏன் பெரும்பாலான கம்பெனிகள் ஃப்யூஸ் போடுவதில்லை? கடைக்காரர் அடுத்து அதைத்தான் கேட்பார். டீசல் எஞ்சினைச் சுற்றும் முதல் நொடியில் பல நூறு ஆம்பியர் இழுக்கும். அதைத் தாங்கும் ஃப்யூஸ் போட்டால் சின்ன ஷார்ட்டுக்கு அது போகவே போகாது. அதனால் அந்த வயரைக் குட்டையாக, கனமான உறையோடு, கூரான விளிம்பு எதையும் தொடாமல் கொண்டுபோகிறார்கள். பேட்டரியைப் பின்னால் வைக்கும் பிஎம்டபிள்யூ போன்ற வண்டிகளில் வயர் நீளம் என்பதால், மோதினால் சிறு வெடிமருந்து வெடித்து வயரைத் துண்டிக்கும் பேட்டரி கிளாம்ப்பே வைத்தார்கள். ஃப்யூஸ் இல்லாததற்குப் பின்னால் அவ்வளவு யோசனை இருக்கிறது.

ஆம்ப்ளிஃபயர் வயர்தான் உங்கள் வண்டியிலேயே நீளமானது, ஆபத்தும் அதில்தான் அதிகம். அதன் உடம்பில் 30 ஆம்பியர் ஃப்யூஸ் இரண்டு என்றால் மொத்தம் 60. 16 சதுர மி.மீ. செம்பு வயர், பேட்டரி பக்கத்தில் 60 அல்லது 80 ஃப்யூஸ். 5 மீட்டர் ஓட்டத்தில் 60 ஆம்பியருக்கு 0.36 வோல்ட்தான் இழப்பு, போதும். கிட்டில் வரும் கண்ணாடிக் குழாய் ஃப்யூஸை எடுத்து வீசுங்கள். பிடிமானம் தளர்ந்து, ஃப்யூஸ் போகாமலே ஹோல்டர் உருகும்.

ஹெட்லைட்டுக்கு இடது, வலது தனித்தனி ஃப்யூஸ். 100 வாட் ஒன்று 8 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், ஆகவே ஒவ்வொன்றுக்கும் 15, வயர் 2.5 சதுர மி.மீ. இரண்டுக்கும் சேர்த்து ஒரே 30 போடுவது கடைகளில் வழக்கம். ராத்திரி மலைப்பாதையில் ஒரு பல்ப் ஹோல்டர் உருகி ஷார்ட் ஆனால் இரண்டு விளக்கும் ஒரே நொடியில் அணையும், யோசித்துப் பாருங்கள். இதற்கு ரிலே வேண்டும், அதாவது சின்னக் கரண்டில் பெரிய கரண்டைத் திறந்து மூடும் மின் ஸ்விட்ச். ஃப்யூஸிலிருந்து ரிலேயின் 30-ஆம் பின்னுக்கு, 87-லிருந்து பல்புக்கு. பழைய ஹெட்லைட் வயர் இனி 85, 86-ஐ இயக்க மட்டும். 2.5 வயருக்கு ஃப்யூஸ் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது: 5 மீட்டர் வயர் ஷார்ட் ஆனால் 250 ஆம்பியர் வாக்கில் ஓடும், ஓரிரு விநாடியில் உறை இளகிப் புகையும். நீங்கள் பானட் திறக்கும் முன்பே கதை முடிந்துவிடும். (100/90 பல்ப் சாலையில் சட்டப்படி சரியில்லை, எதிரே வருபவர் கண்ணுக்கும் நல்லதில்லை. ரிலே போட்ட பிறகு 60/55-ஐ ஒருமுறை மாட்டிப் பாருங்கள். முழு வோல்டேஜ் கிடைத்தால் அதுவே போதுமென்று தோன்றக்கூடும்.)

ஃப்யூஸ் வாங்குவதில் ஒரு எச்சரிக்கை. பிளேடு ஃப்யூஸ் 10 சதவீதம் கூடுதல் கரண்ட்டை 100 மணி நேரம் தாங்க வேண்டும், இரண்டு மடங்கு என்றால் 5 விநாடிக்குள் போக வேண்டும் என்பது தரம். நடைபாதையில் பாக்கெட்டாக விற்கும் சில ஃப்யூஸ்கள் மூன்று மடங்குக்கும் போவதில்லை. உருகுவது ஃப்யூஸின் பிளாஸ்டிக் உடம்பு, உள்ளே இருக்கும் கம்பி அப்படியே இருக்கும். ஒரு பாக்கெட் வாங்கினால் 5 ஆம்பியர் ஒன்றை எடுத்து, 60/55 பல்பின் இரண்டு இழைகளையும் சேர்த்து எரியவிடுங்கள். ஏறக்குறைய 10 ஆம்பியர் ஓடும். ஐந்து எண்ணுவதற்குள் போகவில்லை என்றால் அந்தப் பாக்கெட் குப்பைக்கு. பல்ப் கரண்டை அளவோடு நிறுத்துவதால் இந்தச் சோதனையில் ஆபத்து குறைவு, ஆனாலும் சிமென்ட் தரையில் வைத்துச் செய்யுங்கள். 40 ஆம்பியருக்கு மேல் பிளேடை நம்பாமல், நட்டு போட்டு இறுக்கும் மிடி, மெகா வகைக்குப் போய்விடுங்கள். சென்னையில் என்றால் ஜி.பி. ரோட்டில் கேட்டுப் பாருங்கள். மற்ற ஊர்களில் லாரி எலக்ட்ரிகல் கடைகளில் விசாரியுங்கள்.

ஃப்யூஸால் முடியாதது ஒன்று உண்டு. என் சொந்த வண்டியில் ஆம்ப்ளிஃபயர் வயரை டிரைவர் சீட்டுக்குக் கீழே ஓட்டியிருந்தேன். சீட்டை முன்னும் பின்னும் தள்ளத் தள்ள, சீட் நகரும் இரும்புத் தடம் வயரின் உறையை மெதுவாக அறுத்திருக்கிறது. முதலில் பிளாஸ்டிக் கருகும் வாசனை, இரண்டு நாள். ஃப்யூஸ் போகவில்லை, ஏனென்றால் அது லேசான உரசல், பொறி மட்டும்தான், 60 ஆம்பியரை எட்டவில்லை. மூன்றாம் நாள் நன்றாக அமுங்கியதும்தான் போயிற்று. கம்பளத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கருப்பு. அன்றிலிருந்து கதவு ஓரப் படிக்கட்டு மூடிக்குக் கீழேதான் வயர். எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள ஃபயர்வால் தகட்டைத் தாண்டும் ஓட்டையில் ரப்பர் குரோமெட் (ஓட்டையின் விளிம்பை மூடும் வளையம்) இல்லாமல் ஒரு வயரும் போவதில்லை.

வயர் முனையில் போல்ட் மாட்டுவதற்கான உலோக வளையம்தான் லக். அதை அடிப்பதற்கு சுத்தியலும் வேண்டாம், ஈயமும் வேண்டாம். ஈயம் இழைகளுக்குள் ஏறி வயரை விறைப்பாக்கும், அதிர்வில் அந்த விளிம்பில் ஒடியும். ஹைட்ராலிக் கிரிம்பர் (லக்கை வயரோடு அழுத்தி நசுக்கும் கருவி) வைத்திருக்கும் கடையில் அடித்துக்கொள்ளுங்கள். தளர்ந்த லக்கின் சூட்டை ஃப்யூஸ் அறியாது, கரண்ட் அளவு சரியாகத்தானே இருக்கிறது!

எல்லாம் முடிந்ததும் மைனஸைக் கடைசியாக மாட்டி, ஸ்டார்ட் செய்து, ஹெட்லைட், ஏசி, ஆம்ப்ளிஃபயர் எல்லாம் போட்டு, மல்டிமீட்டரின் ஒரு ஊசியை ஆல்டர்னேட்டர் முனையிலும் மறு ஊசியைப் பேட்டரி பிளஸிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் காட்ட வேண்டும். எஞ்சின் உடம்புக்கும் பேட்டரி மைனஸுக்கும் 0.1-க்குள். ஒரு வாரம் ஓட்டிய பிறகு, ஒரு மணி நேர ஓட்டத்துக்குப் பின் எஞ்சினை நிறுத்தி, ஃப்யூஸ் ஹோல்டரின் பிளாஸ்டிக் உடம்பில் கை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பு சகஜம். கை வைக்க முடியவில்லை என்றால் ஃப்யூஸை மாற்றாதீர்கள், நட்டைக் கழற்றி லக்கின் முகத்தைப் பாருங்கள். நீலமோ கருப்போ ஏறியிருந்தால் லக்கை வெட்டிவிட்டுப் புதிதாக அடியுங்கள்.